விளக்குக்காரன் நகர்ந்த வாரம்

ஜூலை 1, செவ்வாய்

மழை தூறல்.

இந்த ஒரு வரியை எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. பரவாயில்லை. ஆறின டீயைக் குடித்துக்கொண்டே அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தேன். பிறகு வெளியே எட்டிப் பார்த்தேன். தூறல் இருந்தது. நான் எழுதினது உண்மைதான்.

தினமும் எழுதச் சொல்லியிருக்கிறார் லவினா டீச்சர். ஆண்டர்சன்பேட்டை சர்ச் ஹாலில் மத்தியானம் என்னைப் போன்ற கிழவர்களுக்குத் தமிழ் எழுத்து சொல்லித் தருகிறவர். போன வருஷம் பொங்கல் கழித்துச் சேர்ந்தேன். "நான் வாங்கிப் பாக்க மாட்டேன் பெரியவரே. தப்போ சரியோ, மனசுல இருக்கறத எழுதுங்க" என்றார்.

என் மனசில் இருப்பது ஒன்றே ஒன்று. அது இப்போது ஒரு மலைக்குள் வேலை செய்துகொண்டிருக்கிறது.

என் மகள் கண்மணி. வடக்கே இமயமலையில் ரயிலுக்காகச் சுரங்கம் குடைகிறார்கள். அதில் அவள் சர்வேயர். நான் இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்த காலத்தில் பெண்களை ஷாஃப்ட் பக்கமே விட மாட்டார்கள். என் மகள் தலையில் விளக்கு மாட்டிக்கொண்டு ஆண்களுக்கு முன்னால் நடக்கிறாள். பெருமைதான். அந்தப் பெருமைக்கு அடியில் இருப்பதை இன்னொரு நாள் எழுதுகிறேன்.

சாயங்காலம் அவள் காய் வந்தது. சுவர், ஒரு கட்டம் முன்னால். சாப்பிட்டேன்.

ஜூலை 3

காய் என்று எழுதினேன், என்ன காய் என்று எழுதவில்லை. பத்து வருஷம் கழித்து நானே படித்தால் வாழைக்காயா கத்தரிக்காயா என்று யோசிப்பேன்.

கார்வென் என்று ஒரு வீடியோ கேம். ஒன்று, இரண்டு என்று நாலு பாகம் வந்துவிட்டதாம். வாள் வைத்த ஒருவன் பாழடைந்த ஊர்களில் அலைவான். கண்மணி காலேஜில் படித்தபோது அதுவே கதி என்று கிடந்தாள். வழியில் சத்திரங்கள் வரும். அங்கே தாடிக்காரர்கள் பலகை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். அந்தப் பலகை ஆட்டத்துக்குப் பெயர் தவ்ரிக். செஸ் மாதிரி, ஆனால் செஸ் இல்லை. இவள் சண்டையை விட்டுவிட்டுச் சத்திரத்திலேயே உட்கார்ந்து தாடிக்காரர்களோடு ஆடுவாள். நாட்டைக் காப்பாற்ற வேண்டியவன் சத்திரத்தில் கிடக்கிறானே என்று கேலி செய்வேன். இப்போது கேம்காரர்கள் தவ்ரிக்கை மட்டும் தனியாக எடுத்து போனில் போட்டிருக்கிறார்கள். அவள் மலையில் இருந்து ஆடலாம், நான் இங்கே கட்டிலில் இருந்து ஆடலாம்.

ராஜா, சுவர்கள், குதிரைகள், ஒரு விளக்குக்காரன். பலகை முழுக்க இருட்டு. விளக்குக்காரன் நிற்கிற இடத்தைச் சுற்றி மட்டும் வெளிச்சம். எதிராளியின் காய் அந்த வெளிச்சத்துக்குள் வந்தால்தான் கண்ணுக்குத் தெரியும். ராஜா பிடிபட்டால் ஆட்டம் முடிந்தது. விளக்குக்காரன் பிடிபட்டால் ஆட்டம் முடியாது. ஆனால் அதற்கப்புறம் எதிரில் எவன் நிற்கிறான் என்று தெரியாமலே ஆட வேண்டும்.

போன லீவில் தன் பழைய டேப்லெட்டில், அதை டேப் என்பாள், சொல்லித் தந்தாள். அந்த டேப் பீரோவில் இருக்கிறது, திறந்தால் இன்னும் அவள் பெயரிலேயே ஆட்டம் வரும். எனக்குப் போனில் தனியாகப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனாள்.

எதிர்வீட்டு மாணிக்கராஜ் பார்த்துவிட்டான். சுரங்கத்தில் என்னோடு ஒரே லெவலில், ஒரே ஆழத்தில் வேலை செய்தவன்.

"இன்னாடா, இந்த வயசுல பொம்மை ஆட்டம்?"

"பொம்மை இல்லடா. ராஜா."

"ராஜாவா? உன் வூட்ல உன்ன ராஜான்னு எவ ஒத்துகினா? பார்வதம்மாவ கூப்ட்டு கேக்கட்டா?"

கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரி பார்வதத்திடம் அவனுக்கும் பயம்.

ஜூலை 4

பெருமைக்கு அடியில் இருப்பது.

எங்கள் காலத்தில் லேம்ப் ரூம் என்று ஒன்று. பித்தளை டோக்கனைக் கொடுத்து விளக்கு வாங்கிக்கொண்டு கேஜ் என்கிற இரும்புக் கூண்டில் இறங்குவோம். மேலே வந்து விளக்கைக் கொடுத்தால் டோக்கன் கைக்கு வரும். ஆணியில் டோக்கன் தொங்கினால் அந்த ஆள் இன்னும் கீழே இருக்கிறான் என்று அர்த்தம். உள்ளே பாறை வெடித்த நாளில் பெண்கள் லேம்ப் ரூம் ஜன்னலுக்குத்தான் ஓடி வருவார்கள். எழுதப் படிக்கத் தெரியாத பெண்களுக்கும் தன் வீட்டுக்காரன் ஆணி எது என்று தெரியும். பார்வதமும் அங்கே நின்றிருக்கிறாள்.

கண்மணி வேலை செய்யும் இடத்தில் போனைச் சுரங்க வாசலில் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஷிஃப்ட் முடிந்து வெளியே வந்து போனை வாங்கியதும் முதல் வேலையாக ஒரு காய் நகர்த்துவாள். அது நான் கேட்டது. "போன் பண்ண நேரம் இல்லன்னா பரவால்ல கண்ணு. ஒரு காய் நவுத்து." அதுதான் எனக்கு டோக்கன். அது வந்தால்தான் சோறு இறங்கும்.

அவள் ஆட்டம் எனக்கு மனப்பாடம். என் விளக்குக்காரனை அவள் ராஜா பக்கம் வரைக்கும் அனுப்பிவிடுவேன், அதனால் அவள் நகர்த்துவது எனக்குத் தெரியும். விளக்குக்காரனை ராஜா பக்கத்திலேயே வைத்திருப்பாள், அசைக்கவே மாட்டாள். சுவரை நகர்த்தி நகர்த்தி இருட்டில் தடவிக்கொண்டே வருவாள். கேட்டால், "வெளிச்சத்த வெளிய அனுப்பிட்டா வூட்டுக்குள்ள இன்னா நடக்குதுன்னு தெரியாது நைனா" என்பாள்.

ஜூலை 6, ஞாயிறு

போனில் பேசினாள். அங்கே விடாத மழையாம்.

"உள்ள தண்ணி வருது நைனா. பம்ப் போட்டிருக்கோம்."

"தெளிவா வருதா, கலங்கலா வருதா?"

பம்ப் எத்தனை என்று சொன்னாள். பிறகு, "கலங்கலா" என்றாள்.

"அப்ப உள்ள போவாத."

"எனக்குத் தெரியாதா? அதான் தெனமும் அளந்துட்டிருக்கோம். அளக்கறதே நான்தான், நான் போவாம யாரு போறது? நீ போவலியா உன் காலத்துல?"

நான் போனேன். போனவன் எப்படிப் போகாதே என்று சொல்வது?

போனை பார்வதத்திடம் கொடுத்துவிட்டு வெளியே வந்து நின்றேன். கலங்கின தண்ணீர் என்றால் உள்ளே எங்கோ மண் கரைகிறது.

ஜூலை 8

காய் வந்தது. குதிரை. நல்ல ஆட்டம்.

ஜூலை 9

காய் வரவில்லை.

மலையில் டவர் இருக்காது. மழை. ஓவர்டைம் போட்டிருப்பார்கள். போனில் சார்ஜ் இருக்காது. எத்தனை காரணம் இருக்கிறது, எல்லாவற்றையும் எழுதுகிறேன், எழுதினால் உண்மை மாதிரி இருக்கிறது.

எனக்கு நெஞ்சில் கல்தூசு. பயந்தால் மூச்சு அடைத்துக்கொள்ளும். போன மழைக்காலத்தில் அப்படி அடைத்துப்போய்த்தான் ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அதிர்ச்சியே ஆகாது என்று டாக்டர் பார்வதத்திடம் சொல்லி அனுப்பினார். ஆகவே பயப்படாமல் உட்கார்ந்திருக்கிறேன். பயப்படாமல் உட்கார்ந்திருப்பது கஷ்டமான வேலை. பார்வதத்திடம் சொல்லவில்லை. அவளும் பயப்படுவாள்.

ஜூலை 10

வந்துவிட்டது. காலையிலேயே. வந்துவிட்டது, வந்துவிட்டது. இந்த வார்த்தையை இன்னும் பத்து தடவை எழுதலாம், கை வலிக்காது.

பார்வதத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன். "பாத்தியா, கண்மணி ஆடிட்டா." அவள் அடுப்பங்கரையிலிருந்தே, "நான் சொன்னன்ல, டவர் இருக்காதுன்னு" என்றாள். எப்போது சொன்னாள்? நினைவில்லை.

விளக்குக்காரனை நகர்த்தியிருக்கிறாள். ஏதோ புதுத் திட்டம்.

ஜூலை 11

விளக்குக்காரன் திரும்பப் பழைய இடத்துக்கே போயிருக்கிறான்.

இது ஆட்டமே இல்லையே. களைப்பாக இருப்பாளோ? நான் போன் செய்தால் ஸ்விட்ச் ஆஃப். பார்வதம், "இப்பதான் என்கிட்ட பேசினா, நீங்க குளிக்கும்போது" என்றாள். நன்றாக இருக்கிறாளா என்று கேட்டேன். "நல்லா கீறா, வேலை ஜாஸ்தியாம்" என்று சொல்லிக்கொண்டே கொத்தமல்லி ஆய்ந்தாள். இலையைக் கீழே போட்டுத் தண்டைப் பாத்திரத்தில் போட்டுக்கொண்டிருந்தாள்.

டிவி வரவில்லை. கேபிள்காரன் வந்து பார்ப்பானாம்.

ஜூலை 12, சனி

இதை மெதுவாக எழுத வேண்டும். இல்லையென்றால் மூச்சு வாங்கும்.

வகுப்பில் லவினா டீச்சர் இன்று பேப்பர் படிக்க வேண்டாம் என்றார். சனிக்கிழமை என்றால் ஆளுக்கு ஒரு பத்தி பேப்பர் படிப்பது வழக்கம். "இன்னிக்கு வேணாம். எல்லாரும் சும்மா பேசிட்டிருப்போம்." பேசும்போது என்னைப் பார்க்கவில்லை. அதை அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கொஞ்சம் ஏமாற்றம்தான். ஒரு பத்தியை நிறுத்தாமல் படித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தேன்.

திரும்பும்போது பஜாரில் பேப்பர் கடை. கயிற்றில் தொங்கும் போஸ்டர், பெரிய பெரிய எழுத்து. அதைத் தினமும் படிப்பேன், நின்று, எழுத்துக் கூட்டி. யார் பார்த்தாலும் கவலை இல்லை. ம, லை, ச். மலைச். சு, ர, ங், க, ம். மலைச் சுரங்கம். இதுவரை சந்தோஷம். கஷ்டமான வார்த்தை, ஒரே மூச்சில் வந்துவிட்டது. ச, ரி, வு. சரிவு. உள்ளே. சிக்கியவர்கள். கதி.

நான் எல்லா எழுத்தையும் சரியாகப் படித்தேன். படித்து முடித்து, சரியாகப் படித்துவிட்டோம் என்று மனசு ஒரு நிமிஷம் குதித்தது. அதற்கப்புறம்தான் என்ன படித்தேன் என்று தெரிந்தது.

பேப்பர் வாங்கி சர்ச் படியில் உட்கார்ந்து படித்தேன். புதன்கிழமையே சரிந்திருக்கிறது. கண்மணி சொன்ன அதே ஊர்ப் பெயர். அளவெடுக்கப் போனவர்களும் உள்ளே என்று போட்டிருக்கிறது.

உடனே நினைத்தேன்: இல்லை, காய் வந்ததே. நேற்றும் வந்தது, முந்தாநாளும் வந்தது. வெளியே வந்துவிட்டாள். வெளியே வந்தவளால்தான் ஆட முடியும்.

அந்த நினைப்போடு பாதி தூரம் நடந்தேன்.

பிறகு விளக்குக்காரன் ஞாபகம் வந்தான். ஒரு கட்டம் போய், ஒரு கட்டம் திரும்பி வந்தவன். என் மகள் அப்படி ஆட மாட்டாள். உயிர் போகிற களைப்பிலும் ஆட மாட்டாள்.

வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். டேப் இருந்த இடத்தில் டேப் இல்லை.

டிவி வேலை செய்யாதபடி ஒயரைப் பிடுங்கிவிட்டால் எனக்கு ஒன்றும் தெரியாது என்று பார்வதம் நினைத்திருக்கிறாள். எனக்கு எழுத்து தெரியாதவரை அது போதுமாகத்தான் இருந்திருக்கும். இந்த ஒரு வருஷமாகத்தான் போதாது. அவள் கன்னடம் படிப்பாள், இந்த ஊர்க் கன்னடப் பள்ளியில் நாலாவது வரை போனவள். நான் தமிழ் படிக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும். ஆனால் தெரிவது வேறு, ஞாபகம் இருப்பது வேறு.

ஜூலை 13, ஞாயிறு

பார்த்துவிட்டேன்.

மத்தியானம் என் காயை நகர்த்திவிட்டு, "ஆடிட்டேன், இனி கண்மணிதான்" என்று வேண்டுமென்றே சத்தமாகச் சொன்னேன். பார்வதம் சோறு வடிக்கணும் என்று உள்ளே போனாள். கதவிடுக்கில் பார்த்தேன். அரிசி டிரம்முக்குப் பின்னால் திரும்பி நின்றுகொண்டிருந்தாள். கண்ணாடி போட்டிருந்தாள். டேப்பை ஒரு கையில் பிடித்து, இன்னொரு கை விரலை நீட்டி, தொடலாமா வேண்டாமா என்று. வெந்நீரைத் தொட்டுப் பார்ப்பதுபோல. தொட்டாள். விரலை முந்தானையில் துடைத்துக்கொண்டாள்.

என் போன் 'டிங்' என்றது.

நான் வந்து உட்கார்ந்துகொண்டேன். அவள் சோற்றோடு வந்தாள். "இன்னா, ஆடிட்டாளா?" என்றாள். "ஆடிட்டா" என்றேன்.

ஏன் சொல்லவில்லை? எனக்குத் தெரியும் என்று ஏன் சொல்லவில்லை? சொன்னால் அவள் நிறுத்திவிடுவாள். நிறுத்திவிட்டு என்ன செய்வாள்? என் மூச்சைக் காப்பாற்றுகிறேன் என்று ஒரு வேலை இருக்கிறது அவளுக்கு. அந்த வேலையும் இல்லாவிட்டால் முழு நேரமும் மலையைப் பற்றி நினைக்க வேண்டும். எனக்கு அதுதான் நடக்கிறது.

இன்னொரு பயமும் இருக்கிறது. சொன்னால், அவளுக்குத் தெரிந்ததை எல்லாம் சொல்லிவிடுவாள்.

அவள் ராஜா வெட்டவெளியில் நிற்கிறது. ராஜா எது என்றே அவளுக்குத் தெரியாது. என் குதிரை ஒரு தாவு தாவினால் ஆட்டம் முடிந்தது. எங்கள் கேங்கில் ஒரு பழக்கம். இடைவேளையில் பாதி ஆடின சீட்டை வைத்துவிட்டு ஒருவன் உள்ளே போனால், அவன் வரும்வரை அவன் சீட்டை யாரும் தொடக்கூடாது, கலைக்கக் கூடாது. அடுத்த ஷிஃப்டுக்காரன்கூட அந்தப் பெஞ்சில் உட்கார மாட்டான். நான் குதிரையை எதிர்ப்பக்கம் நகர்த்திவிட்டேன்.

ஜூலை 14

மாணிக்கராஜ் வீட்டுக்குப் போனேன். பேப்பரைச் சட்டைக்குள் வைத்துக்கொண்டு.

"உனக்குத் தெரியும்ல?" என்றேன்.

அவன் பல் தேய்த்துக்கொண்டிருந்தான். துப்பினான். ரொம்ப நேரம் வாய் கொப்பளித்தான். "ஊருக்கே தெரியும்டா. உன் வூட்டம்மா வூடு வூடா போயி சத்தியம் வாங்கிகினா. எங்க வூட்ல பிள்ளையார் மேல வாங்கினா. டீச்சரம்மாகிட்ட மாதா மேல வாங்கினா."

"யார் சொல்றாங்க அவளுக்கு?"

"சிரிலு. அங்கியே எலக்ட்ரீசியன், நம்ம ஊரு ஸ்கெலட்டன் லைன் பையன். அவன் வெளிய கீறான். தெனமும் அவளுக்கு போன் பண்றான். குழா எறக்கி கீறாங்களாம், அது வழியா காத்து போவுது. உள்ள கீறவங்க குரல் கேட்டுச்சாம்."

"யார் குரல்?"

"அது தெரியலடா."

பேப்பரை எடுத்துக் கொடுத்தேன். "நீயே படி, எனக்கு ஏதுடா தமிழ் எழுத்து" என்றான். படித்தேன். அவன் முன்னால் முதல்முறையாகப் படிக்கிறேன், திக்கவில்லை. இன்னொரு நாளாக இருந்தால் எவ்வளவு கர்வப்பட்டிருப்பேன். அவன் தலை குனிந்து கேட்டான். முடிந்ததும், "நல்லா படிக்கறடா" என்றான். பேப்பரை மடித்து என் சட்டைக்குள்ளேயே திரும்ப வைத்தான்.

ஜூலை 15

மறுபடியும் சரிஞ்சிடுச்சாம். பேப்பர்ல போட்டிருக்கான். குழா அடைச்சிகிச்சு. குரல் கேக்கல.

ஐயோ கண்ணு. உன்னை எதுக்கு நான் அனுப்பினேன். நான் அனுப்பல, நீயா போன. தடுத்திருக்கணும், கால்ல வுழுந்தாவது தடுத்திருக்கணும். அந்த இருட்டு எனக்குத் தெரியும். கண்ணைத் திறந்தாலும் மூடினாலும் ஒரே மாதிரி இருக்கும். கை எங்க முடியுது, பாறை எங்க ஆரம்பிக்குதுன்னு தெரியாது. தண்ணி சொட்டற சத்தம் மட்டும். அது யாரோ நடந்து வர்ற மாதிரியே இருக்கும், ஆனா யாரும் வர மாட்டாங்க. அதுல என் பொண்ணு—

எழுத முடியவில்லை.

பார்வதம் காலையில் எழுந்து, முகம் கழுவி, பொட்டு வைத்து, "கண்மணி ஆடிட்டாளான்னு பாருங்க" என்றாள். எங்கிருந்து வருகிறது இவளுக்கு இந்த பலம்? கண் இரண்டும் வீங்கியிருந்தது. "வெங்காயம்" என்றாள். நான் கேட்கவே இல்லை.

ஜூலை 16

காலை பத்து மணிக்கு அவள் உள்ளே போனாள். நான் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். டிங். பார்த்தேன். என் விளக்குக்காரனைப் பிடித்துவிட்டாள்.

பலகை முழுக்க அணைந்துபோயிற்று. என் காய்கள் மட்டும் மங்கலாக. மற்றதெல்லாம் கறுப்பு. நாலு பக்கமும் கறுப்பு.

வெறும் ஆட்டம். தெரியும். யார் ஆடினது என்றும் தெரியும். ஆனாலும் அந்தக் கறுப்பைப் பார்த்ததும் நெஞ்சு அடைத்துக்கொண்டது. மூச்சு உள்ளே போனது, வெளியே வரவில்லை. கட்டில் கட்டையைப் பிடித்தேன். பக்கத்தில் இருந்த சொம்பு விழுந்து உருண்டது.

சத்தம் கேட்டு பார்வதம் ஓடி வந்தாள். மருந்து பம்பை எடுத்து என் வாயில் வைத்து அழுத்தினாள், முதுகைத் தேய்த்தாள், "இழுங்க, இழுங்க, உடுங்க" என்று அதட்டினாள். கொஞ்ச நேரத்தில் மூச்சு வந்தது. வந்த பிறகுதான் இரண்டு பேருமே பார்த்தோம். அவள் இடது கக்கத்தில் டேப் இருந்தது.

மறைக்கப் பார்த்தாள். புடவை போதவில்லை.

"இன்னாத்துக்குடி என் விளக்குக்காரன தூக்குன?" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். "எது விளக்குக்காரன்னு எனக்கு இன்னா தெரியும்? தொட்டா பச்சையா எரியும், எரியறத அமுக்குவேன். இன்னிக்கி செவப்பா எரிஞ்சுது. நல்லதுன்னு நெனச்சு அமுக்கிட்டேன்."

"செவப்புன்னா வெட்டுன்னு அர்த்தம்."

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"சனிக்கெழம. போஸ்டர் படிச்சேன்."

"படிச்சீங்களா" என்றாள். கையை வாயில் வைத்துக்கொண்டாள். "ஆமா. நீங்கதான் படிப்பீங்களே இப்ப."

அப்புறம்தான் அழுதாள். போன புதன்கிழமையிலிருந்து டிரம்முக்குப் பின்னால் வைத்திருந்ததை எல்லாம் அழுதாள். நான் முதுகைத் தேய்த்தேன். "இழு, உடு" என்றேன். அழுகைக்கு நடுவில் அடித்தாள் என்னை.

சிரில் சொன்னதை எல்லாம் சொன்னாள். முதலில் கேட்ட குரலில் ஒன்று கண்மணியுடையதாம். எத்தனை பேர், யாருக்கு அடி, தண்ணீர் எதுவரை வந்திருக்கிறது என்று குழாய் வழியாகக் கணக்குச் சொல்லியிருக்கிறாள். அளந்து சொல்லியிருக்கிறாள், உள்ளே இருந்துகொண்டு. இரண்டாவது சரிவுக்கு அப்புறம் எந்தக் குரலும் இல்லை.

டிவி ஒயரைத் திரும்ப மாட்டினாள்.

ஜூலை 17

இல்லை.

ஜூலை 18

பக்கத்து வீடுகளில் இருந்து சாப்பாடு வருகிறது. அடுப்பு பற்ற வைக்கவில்லை. லவினா டீச்சர் வந்து உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரன் வாசலில் நின்று, உள்ளே வராமல், போகவும் செய்யாமல் இருந்தான். டிவியில் ஒரே படத்தைத் திரும்பத் திரும்பக் காட்டுகிறார்கள். மஞ்சள் வண்டி, மழை, குடை பிடித்த அதிகாரிகள். கன்னடத்தில் ஓடுவதை பார்வதம் படித்துச் சொல்கிறாள். தமிழில் வருவதை நான் படித்துச் சொல்கிறேன். இரண்டு எழுத்திலும் ஒன்றும் இல்லை.

சாயங்காலம் பார்வதம், "ஆடுங்க" என்றாள்.

"எதுக்கு? விளக்கே இல்ல எனக்கு."

"இல்லன்னா இன்னா. ஆடுங்க. நான் ஆடணும்."

ஒரே கட்டிலில், அவள் டேப்பை வைத்துக்கொண்டு, நான் போனை வைத்துக்கொண்டு. எதிரில் என்ன நிற்கிறது என்று தெரியாமல் ஒரு சுவரை நகர்த்தினேன். அவள் ஏதோ பச்சையை அழுத்தினாள். இருட்டும்வரை ஆடினோம். அவள் ராஜாவை நான் தொடவில்லை. எங்கே இருக்கிறது என்றே எனக்குத் தெரியாது.

ஜூலை 20, ஞாயிறு

வெளியே எடுத்துவிட்டார்கள். உயிரோடு. சிரில் பேசினான், பிறகு அவளே பேசினாள். "நைனா" என்றாள். அவ்வளவுதான் பேசினாள்.

எழுத்து என் எழுத்து மாதிரியே இல்லை.

ஜூலை 29

நேற்று வந்தாள். ஆஸ்பத்திரியில் இருந்து நேராக. சிரில் கூட வந்து விட்டுவிட்டுப் போனான். இடது கையில் கட்டு. இளைத்திருக்கிறாள்.

எங்கள் வீடு சுரங்கக் கம்பெனி கட்டின பழைய லைன் வீடு. கூரை தாழ்வு. வாசல்வரை வந்தவள் நின்றுவிட்டாள். நிமிர்ந்து கூரையைப் பார்த்தாள். "கொஞ்ச நேரம் வெளியவே உக்காரேன் நைனா" என்றாள். நாற்காலி போட்டேன். சோறும் அங்கேதான். படுக்கவும் உள்ளே வரவில்லை. நாற்காலியில் உட்கார்ந்தே இருந்தாள். கண் மூடினால் உடனே திறந்துகொள்கிறது. நாங்களும் ஆளுக்கொரு நாற்காலி போட்டுக்கொண்டோம்.

காலையில் தன் போனைத் திறந்து பார்த்தாள்.

"யாரு இத ஆடுனது? நான் இவ்ளோ கேவலமாவா ஆடுவேன்?"

"இன்னாடி கேவலம்?" என்றாள் பார்வதம். "உங்க நைனா விளக்குக்காரன தூக்கினது நானு. நீ ஒரு தடவ தூக்கியிருப்பியா?"

கண்மணி சிரித்தாள். நாங்களும் சிரித்தோம். நாங்கள் நிறுத்தின பிறகும் அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். நிறுத்த முடியவில்லை அவளால். பார்வதம் அவள் தலையை இழுத்து வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அப்போதுதான் அது சிரிப்பு இல்லை என்று தெரிந்தது.

ஆகஸ்ட் 3

"இனிமே கீழ போவ மாட்டேன் நைனா."

டீ குடித்துக்கொண்டிருக்கும்போது, யாரும் கேட்காமல், சொன்னாள்.

இவள் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து நான் கேட்க ஏங்கின வார்த்தை. கேட்டதும் சந்தோஷம் வரவில்லை. பயம்தான் வந்தது. மலைக்குள் இருந்தபோது இருந்த பயம் வேறு. இது வேறு. என் மகள் எதையும் இவ்வளவு மெல்லிய குரலில் சொன்னதே இல்லை. மேலே வந்தவர்கள் எல்லாரும் வந்துவிட்டார்கள் என்று அர்த்தமில்லை. அப்படிச் சிலரை நான் பார்த்திருக்கிறேன், எங்கள் லைனிலேயே.

"சரி கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்ல.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

இன்று காலை கண்மணி தானாகவே, "பேத்தமங்களா போலாமா?" என்றாள். ஏரிக்கரைக்கு. எங்கேயாவது போகலாம் என்று அவள் கேட்பது வந்ததிலிருந்து இதுதான் முதல் தடவை. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார வைத்தோம். கண்ணாடியை முழுக்கத் திறந்துவைத்துக்கொண்டாள்.

ஏரி நிறைந்திருந்தது. கரைமேல் நடந்தோம். மேலே ஒன்றும் இல்லை, வெறும் வானம். கொஞ்சம் தூரம் போனதும் கண்மணி புல்லில் உட்கார்ந்தாள். பிறகு படுத்தாள். கட்டுப் போட்ட கையை வயிற்றின்மேல் வைத்துக்கொண்டு மேகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்வதம் தண்ணீர் பாட்டிலை எடுத்து, "குடிக்கறியா?" என்று கேட்டாள். பதில் இல்லை. குனிந்து பார்த்தோம். தூங்கிவிட்டாள்.

வாய் லேசாகத் திறந்து, சின்ன வயதில் தூங்குவதுபோல. நிஜமான தூக்கம்.

வெயில் ஏறியது. குடையை விரித்து அவள் முகத்துக்கு நிழல் வரும்படி பிடித்தேன். முழுக்க மூடாமல், விழித்தால் வானம் தெரியும்படி கொஞ்சம் தள்ளி. வெயில் நகர நகர நானும் நகர்ந்துகொண்டேன். பேசினால் எழுந்துவிடுவாள் என்று இரண்டு பேரும் பேசவில்லை. மத்தியானம் ஆயிற்று.

"கை வலிக்கலியா? குடுங்க, நான் புடிக்கறேன்" என்று பார்வதம் ரகசியமாகக் கேட்டாள்.

வலித்தது. கொடுக்கவில்லை.